மூலாதாரம் எது என்று கேட்கப் பழக்குவோம்: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரிய ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரிய ஆலோசகர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை நான். கைத்தொலைபேசியோடும் கணினியோடும் வளர்ந்த மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது என்ற பொருளில் எமது வலயங்களில் நடக்கும் செயலமர்வுகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பவர்பொயின்ட் தயாரிக்கவும், பாடத்துக்குப் பொருந்தும் வீடியோவைத் தேடி எடுக்கவும், கூகுள் படிவத்தில் வினாக்கொத்து அமைக்கவும், திறன் பலகையை இயக்கவும் அங்கே பழக்குகிறீர்கள். விடுமுறை நாளில் வந்து, சொந்தப் பணத்தில் டேட்டா போட்டுக் கற்றுத்தரும் ஆலோசகர்களை நான் அறிவேன். அந்த உழைப்பை மதித்தே இதை எழுதுகிறேன்.

ஆனாலும் செயலமர்வு முடிந்து வகுப்பறைக்குத் திரும்பும்போது ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஆசிரியர் கருவிகளைப் பழகிக்கொண்டார், நல்லது. அந்தக் கருவிகளைப் பால்குடி மறந்த நாளிலிருந்து பார்த்துவரும் பிள்ளைக்கு ஆசிரியரிடமிருந்து இப்போது என்ன தேவை? இதை எந்தச் செயலமர்விலும் நாம் ஆற அமரப் பேசியதில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைக்குத் திரையில் வருவதை எடைபோடத் தெரியவில்லை. அதைக் கற்பிப்பதற்கான பாடம் எமது பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதைக் குறிப்புகளாகச் சொல்லி எழுதவைத்து, மனனம் செய்யவைத்து, கடந்துபோகிறோம்.

எமது பிள்ளைகளைப் பற்றி நிலவும் ஓர் எண்ணத்தை முதலில் கலைக்க வேண்டும். 2001ஆம் ஆண்டில் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர், இளைய தலைமுறையை டிஜிட்டல் உலகின் பூர்வீகக் குடிகள் என்றும் ஆசிரியர்களை அங்கே பிந்திக் குடியேறியவர்கள் என்றும் பிரித்து எழுதினார். அந்தப் பிரிப்பு உலகமெங்கும் பரவி, எமது செயலமர்வுகளின் முதல் பக்கத்திலும் வந்து அமர்ந்துவிட்டது. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், எமக்குத்தான் ஒன்றும் தெரியாது” என்று மூத்த ஆசிரியர்கள் கூசி ஒதுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 2018இல் டென்மார்க், பின்லாந்து, ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளின் தரம் 8 மாணவரிடையே நடத்தப்பட்ட பன்னாட்டுக் கணினி, தகவல் எழுத்தறிவு ஆய்வில், இணையத்தில் கிடைத்த தகவலைத் தாமாகவே மதிப்பிட்டுப் பயன்படுத்தும் உயர்ந்த மட்டத்தை எட்டியவர்கள் 2 வீதத்தினர் மட்டுமே. வீட்டுக்கு வீடு கணினியும் தடையற்ற இணையமும் உள்ள நாடுகளின் நிலைமை இது. திரையோடு வளர்வதால் மட்டும் பகுத்தறியும் திறன் வந்துவிடுவதில்லை. அதை யாராவது கற்பிக்க வேண்டும்.

எமது மாவட்டங்களில் டிஜிட்டலோடு வளர்ந்த பிள்ளை என்றால் யார்? இலங்கையில் கணினி உள்ள வீடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்றே 2020ஐ ஒட்டிய ஆண்டுகளின் அரச கணக்கெடுப்புகள் காட்டின. வவுணதீவிலும் வெல்லாவெளியிலும் வாகரையிலும் நான் காணும் வீடுகளில் கணினி இல்லை. ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதைத் தாயும் அக்காவும் தம்பியும் பகிர்ந்துகொள்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு அது குவைத்திலோ சவூதியிலோ வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் அம்மாவின் முகம். இமோ செயலியில் அம்மா பேசும் நேரத்துக்காக அம்மம்மாவின் அருகில் காத்திருந்து வளர்ந்த பிள்ளையிடம், கைத்தொலைபேசி உன்னைக் கெடுக்கும் பொருள் என்று ஆசிரியர் பொத்தாம்பொதுவாகச் சொன்னால், அந்தப் பிள்ளை அதன் பிறகு நாம் சொல்லும் எதையும் காதில் வாங்காது. கைத்தொலைபேசியே இல்லாத வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கிறது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் நிலைமை வேறு. அங்கே சொந்தமாக ஸ்மார்ட் போன் வைத்திருக்கும் தரம் 9 மாணவர் உண்டு. ஆகவே வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை எல்லாவற்றுக்கும் ஒரே செயலமர்வு, ஒரே படவில்லைத் தொகுப்பு என்பது பொருந்தாது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாமெல்லோரும் ஒரே நாளில் வட்ஸ்அப்புக்கு மாறினோம். கையால் எழுதிய குறிப்பைப் படமெடுத்துக் குழுவில் போட்டோம். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள். அந்த நெருக்கடியில் அதற்குமேல் செய்ய வழி இருக்கவில்லை. பாடசாலை திறந்த பிறகும் அந்த வழக்கம் நின்றபாடில்லை என்பதுதான் என் கவலை. கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதிய குறிப்பு இப்போது திரையிலிருந்து பார்த்தெழுதும் குறிப்பாகியிருக்கிறது. பிள்ளையின் மூளை செய்யும் வேலை மாறவில்லை.

இனி நான் சொன்ன அந்தப் பாடத்துக்கு வருகிறேன்.

தரம் 10 வரலாற்றுப் பாடநூலைத் திறந்தால் முதல் அத்தியாயம் வரலாற்று மூலாதாரங்களை, அதாவது கடந்தகாலத்தை அறிய உதவும் சான்றுகளைப் பற்றியது. இலக்கிய மூலாதாரம், தொல்லியல் மூலாதாரம் என்ற இரு பிரிவு. வம்சக் கதைகள், வெளிநாட்டார் குறிப்புகள், கல்வெட்டு, நாணயம், கட்டட இடிபாடு என்று அவற்றின் வகைகள். இதை நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? ஒரு அட்டவணை வரைந்து, இடப்பக்கம் வகை, வலப்பக்கம் உதாரணம். பரீட்சையில் கேட்பார்கள் என்று அடிக்கோடு. இரண்டு பாடவேளையில் முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவுகிறோம்.

அந்த அத்தியாயத்தின் உயிர் அட்டவணையில் இல்லை. ஒரு கல்வெட்டை யார் வெட்டுவித்தான்? எதைச் சொல்ல விரும்பினான், எதை மறைக்க அவனுக்குக் காரணம் இருந்தது? நிகழ்ந்த காலத்தில் எழுதினானா, நூறாண்டு கழித்துக் கேள்விப்பட்டு எழுதினானா? அதே செய்தியை வேறொரு சான்று உறுதிப்படுத்துகிறதா? வரலாற்றாசிரியர் மூலாதாரத்திடம் கேட்கும் இந்தக் கேள்விகளை, இன்று காலை குடும்பக் குழுவில் வந்த குரல் பதிவிடம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கேட்டால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாரிகாலம் வந்தால் எமது பக்கத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மழை இரண்டு நாள் விடாது பெய்தால் போதும். குளம் உடைத்துவிட்டது, உடனே ஊரை விட்டு வெளியேறுங்கள் என்று ஒரு பதற்றமான குரல் பத்துக் குழுக்களில் சுற்றும். அது எந்த ஆண்டு பதிவு செய்யப்பட்டது, எந்தக் குளம், பேசுபவர் எங்கே நிற்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கைக்குழந்தையோடு இருட்டில் ஓடியவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு. பொய் எச்சரிக்கைகளைக் கேட்டுச் சலித்தவர்கள் மெய்யான எச்சரிக்கை வரும்போது வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியையும் கண்ட கரையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

அப்படியொரு குரல் பதிவை நான் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். கருவி எதையும் கொண்டுபோகவில்லை; அதில் பேசியதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். பிறகு மூலாதாரப் பாடத்தின் கேள்விகளைப் பிள்ளைகளைக் கொண்டே கேட்கவைத்தேன். பேசுபவர் தன் பெயரைச் சொல்கிறாரா? இல்லை. இன்று என்று சொல்கிறார், திகதி உண்டா? இல்லை. அவர் கண்டதா, கேட்டதா? “சொன்னார்கள்” என்கிறார், ஆகவே கேட்டது. இதை அறிந்திருக்கக் கூடியவர் வேறு யார்? நீர்ப்பாசனத் திணைக்களம், கிராம உத்தியோகத்தர், அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்த நிலையத்தின் 117 என்ற அவசர இலக்கம் வகுப்பில் அநேகருக்குத் தெரிந்திருக்கவில்லை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறப்பதும் குளம் உடைப்பதும் ஒன்றா என்று ஒரு மாணவி கேட்டாள். வயல்காரரின் மகன் ஒருவன் எழுந்து அந்த வேறுபாட்டை என்னைவிடத் தெளிவாக விளக்கினான். வழக்கமாகப் பின்வரிசையில் தலை குனிந்திருக்கும் பிள்ளை அவன்.

மணி அடித்த பிறகும் அந்த வகுப்பு பேசிக்கொண்டிருந்தது. அதற்கு இணையமும் வேண்டியிருக்கவில்லை, திறன் பலகையும் வேண்டியிருக்கவில்லை. டிஜிட்டல் மாணவருக்கு ஏற்பக் கற்பித்தல் என்பதில் பாதிக்கு மேற்பட்டது சுண்ணக்கட்டியால் செய்யக்கூடியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மின்சாரம் நின்றால் நின்றுபோகும் மாற்றத்தை நம்பி வாகரைப் பாடசாலையைக் காத்திருக்கச் சொல்ல எமக்கு உரிமை இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அம்பாறை நகரமே சாட்சி. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அங்குள்ள முஸ்லிம் உணவகமொன்றில் சாப்பிட வந்தவர், உணவில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி அது மலடாக்கும் மாத்திரை என்று குற்றம் சாட்டினார். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து நின்று கேட்ட கேள்வியும் அவர் தடுமாறிச் சொன்ன பதிலும் வீடியோவாகி முகநூலில் பரவின. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அந்தக் கட்டி வெறும் மாச்சத்து என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டது. மார்ச் 7ஆம் திகதி முதல் நாடெங்கும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் பாடசாலை சென்றவர்கள். எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். அவர்களில் சாதாரண தரத்தில் வரலாறு சித்தியடைந்தவர்களும் மூலாதாரங்களின் வகைகளை ஒருகாலத்தில் மனனம் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று மூன்று சமூகங்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இரண்டு மாவட்டங்கள் இவை. ஒரு வீடியோ எங்கிருந்து வந்தது, அதற்கு முன்னும் பின்னும் வெட்டப்பட்டது என்ன என்று கேட்கத் தெரிவது இங்கே பரீட்சைப் புள்ளிக்கு அப்பாற்பட்டது.

பழைய மூலாதாரப் பாடத்தை அப்படியே இணையத்துக்குப் பொருத்தினால் போதுமா? போதாது. இந்த இடத்தில் வரலாற்று ஆசிரியர்களாகிய நாமும் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ ஆகியோர் நடத்திய, 2017இல் வெளியான ஓர் ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்கள், அப்பல்கலைக்கழக மாணவர்கள், செய்தி சரிபார்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஆகிய மூன்று தரப்பினரிடமும் சில இணையத் தளங்களைக் கொடுத்து நம்பகமானவையா என்று கேட்டார்கள். பேராசிரியர்களிலும் பலர் ஏமாந்தார்கள். அவர்கள் தளத்துக்குள்ளேயே நின்று, வடிவமைப்பையும் நடையையும் மேற்கோள்களையும் கவனமாக வாசித்தார்கள். சரிபார்ப்பவர்கள் செய்தது வேறு. தளத்தைச் சில நொடிகள் பார்த்துவிட்டு வெளியே வந்து, இதை நடத்துவது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். கல்வெட்டைக் கண்டால் அருகில் சென்று உற்றுப் பார்க்க வேண்டும். இணையப் பக்கத்தைக் கண்டால் முதலில் விலகி நின்று அயலில் விசாரிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை எமது ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள் செயலமர்வு போதும்.

அதே குழுவினர் 2019இல் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை மாணவர் மூவாயிரம் பேருக்கு மேற்பட்டோரிடம் ஒரு மங்கலான வீடியோவைக் காட்டினார்கள். அமெரிக்கத் தேர்தல் மோசடி என்று அதில் எழுதியிருந்தது. காட்சிகளோ ரஷ்யாவில் எடுக்கப்பட்டவை. மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் அதை வலுவான சான்று என்று ஏற்றார்கள். வீடியோ எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடித்தவர்கள் மொத்தமே மூன்று பேர். தேடுவதற்கு இணைய வசதி அவர்களுக்குப் பரீட்சை நேரத்திலேயே இருந்தது.

வீட்டில் உள்ள அந்த ஒற்றைக் கைத்தொலைபேசியைப் பாடத்துக்குப் பயன்படுத்தவும் வழி உண்டு. பாடசாலைக்குக் கொண்டுவர அனுமதியில்லை என்பது சரியான விதி. அதை மாற்றும்படி நான் கேட்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் செய்துவரும் ஒப்படையின் தன்மையை மாற்றினால் போதும். இப்போது ஒப்படை என்றால் பாடசாலைக்கு அருகிலுள்ள போட்டோகொப்பிக் கடையில் தலைப்பைச் சொன்னால் அச்சிட்டுத் தருகிறார்கள். பளபளக்கும் அட்டை, முன்பக்கத்தில் பூ, உள்ளே யாரோ எழுதிய பத்துப் பக்கம். பணம் தாயினுடையது, உழைப்பு கடைக்காரருடையது, புள்ளி பிள்ளைக்கு. இதற்கு நாமும் புள்ளி போடுகிறோம்.

அதற்குப் பதிலாக, 1978 சூறாவளியைக் கண்ட ஒருவரைத் தேடி, அவர் சொல்வதை ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்துவரும்படி சொல்லிப் பாருங்கள். தொலைபேசி இல்லாத பிள்ளை கொப்பியில் எழுதிவரட்டும், அல்லது இருவராகச் சேர்ந்து போகட்டும். என் வகுப்பில் இதைச் செய்தபோது, காற்று ஒரு கட்டத்தில் முற்றாக ஓய்ந்து, எல்லாம் முடிந்தது என்று வெளியே வந்த பிறகு மறுபக்கத்திலிருந்து அடித்தது என்று ஓர் அம்மம்மா சொன்னதை ஒரு பிள்ளை கொண்டுவந்தது. இன்னொரு பிள்ளையின் தாத்தா அப்படி ஓயவேயில்லை என்றார். இருவரில் யார் சொல்வது பிழை என்று வகுப்பு வாதாடியது. இருவரும் அன்று எந்த ஊரில் இருந்தார்கள் என்று கேட்கும்படி சொன்னேன். சூறாவளியின் கண் எனப்படும் நடுப்பகுதி கடந்த இடத்தில் மட்டும்தான் அந்த ஓய்வு இருக்கும் என்பதை விஞ்ஞான ஆசிரியர் வந்து விளக்கினார். இரண்டு சாட்சிகள் முரண்பட்டாலும் இருவரும் உண்மை சொல்லக்கூடும் என்பதை எந்தப் பாடக்குறிப்பாலும் அவ்வளவு ஆழமாகப் பதியவைத்திருக்க முடியாது. பழைய இதழ்களையும் நூல்களையும் பார்க்க விரும்பினால், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து வெளியீடுகள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. எமது ஆசிரியர்களில் எத்தனை பேர் அதைத் திறந்திருக்கிறார்கள்? ஆலோசகர்களின் கைநூலில் அந்தப் பெயர் இடம்பெற வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதுபற்றிய அச்சம் தேவைக்கு அதிகமாகப் பேசப்படுகிறது. ஆம், மாணவர் சட் ஜிபிடியிடம் கேட்டு விடை எழுதிவருகிறார்கள். எமது பாடநூலில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இருக்க, பிள்ளையின் விடையில் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் வந்தால் ஆசிரியருக்கு உடனே விளங்கிவிடும். பிடித்துத் தண்டிப்பதால் அடுத்த முறை அந்தச் சொற்களை மாற்றி எழுதப் பிள்ளை பழகும், அவ்வளவுதான். நான் இப்போது இயந்திரத்தின் விடையையே வகுப்பில் வைத்துத் திருத்தச் சொல்கிறேன். மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். இயந்திரம் என்ன ஆண்டு சொல்கிறது, பாடநூல் என்ன சொல்கிறது, வேறுபட்டால் எதை ஏற்பது, ஏன்? எமது ஊர்களைப் பற்றித் தமிழில் கேட்டால் அது துணிந்து தவறு சொல்லும் இடங்கள் பல. சொந்த ஊரைப் பற்றிய தவறைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு வரும் தன்னம்பிக்கையை நேரில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு புத்தகங்களை மூடிவிட்டு, வகுப்பிலேயே கையால் ஒரு பந்தி எழுதவேண்டும். நாளுக்கு நான்கைந்து பேரிடம் எழுதியதைப் பற்றி வாய்மொழியாகக் கேட்கிறேன். நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் இரண்டு வாரத்தில் எல்லோரையும் கேட்டு முடிக்கலாம்.

கவனம் சிதறுகிறது என்ற முறைப்பாடும் உண்டு. முப்பது விநாடி வீடியோக்களுக்குப் பழகிய பிள்ளையை முழுப் பாடவேளையில் எப்படி இருத்துவது? பாடத்தையும் அந்த வீடியோக்களைப் போல ஆக்கு என்ற அறிவுரையை நான் ஏற்கமாட்டேன். அந்தப் போட்டியில் ஆசிரியர் தோற்பார். வென்றாலும் பிள்ளைக்கு நன்மையில்லை. ஆனால் ஒரு சிறிய மாற்றம் நல்ல பலன் தருகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தின் பின்னரோ, வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். யூடியூப்பில் பாடம் பார்த்துவிட்டு எல்லாம் விளங்கியது என்று வரும் எமது மாணவரின் நிலையை இது அப்படியே காட்டுகிறது. பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம், கொப்பியை மூடிவைத்து, போன வாரத்துப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி. புள்ளி இல்லை, ஏச்சு இல்லை. சத்தமிட்டுக்கொண்டிருந்த வகுப்பு அந்த ஐந்து நிமிடத்தில் அமைதியாகி, பாடத்துக்குள் வந்துவிடும்.

இவற்றைச் செய்ய ஆசிரியருக்கு மனம் இருந்தாலும் கையைக் கட்டுவது மேற்பார்வை முறை. இது உங்களிடம் நேரடியாகச் சொல்லவேண்டியது. நீங்கள் வகுப்பறைக்கு வரும்போது முதலில் கேட்பது பாடக்குறிப்பை; அடுத்து மாணவர் கொப்பியில் குறிப்பு நிறைந்திருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். குரல் பதிவை ஆராய்ந்த அந்த நாளில் என் மாணவரின் கொப்பியில் நான்கு வரிதான் இருந்தன. பார்க்க வந்த அலுவலர் ஒருவர் அதைக் குறையாகவே எழுதினார். குறிப்பின் நீளத்தை அளப்பதை விடுங்கள். இந்த வாரம் உங்கள் மாணவர் கேட்ட நல்ல கேள்வி எது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி வலயம் முழுவதும் வகுப்பறைகளை மாற்றிவிடும், ஏனென்றால் மேற்பார்வையில் கேட்கப்படுவதையே நாம் செய்கிறோம்.

பாடசாலைகளின் கணினி அறைகளைத் திறக்கச் செய்யுங்கள். நான் முன்னர் பணியாற்றிய பாடசாலையொன்றில் கணினிகள் உறை கழற்றப்படாமல் பூட்டிய அறையில் இருந்தன. உடைந்தால் பொருட்பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயமே காரணம். பாவனையால் பழுதடைந்ததற்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்று வலயக் கல்விப் பணிப்பாளர் எழுத்தில் உறுதியளித்தால் அந்தப் பூட்டுகள் தானாகத் திறக்கும். தகவல் தொழினுட்பப் பாடத்துக்கு மட்டும் என்றில்லாமல், வரலாறு, தமிழ், விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை அந்த அறையில் ஒதுக்குங்கள்.

வலயங்களிலிருந்து வரும் மாதிரி வினாத்தாள்களையும் வழிகாட்டிகளையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அனுப்புவதை நிறுத்தி, ஒருங்குறியில் (யூனிகோட்) அனுப்புங்கள். பாமினியில் வந்ததைக் கைத்தொலைபேசியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது, தேடினாலும் அகப்படாது. பார்வை குறைந்த மாணவருக்கு உரத்து வாசித்துக் காட்டும் செயலிகளாலும் அதை வாசிக்க முடியாது. மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள கல்வியியற் கல்லூரிகளிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்கு வரும் இளையோரை மூத்த ஆசிரியர்களோடு இணைத்துவிடுங்கள். இளையவருக்குக் கருவி தெரியும். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவருக்கு எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று தெரியும். இருவரும் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர் பார்த்திருந்து, பிறகு மாறிச் செய்யட்டும். ஓய்வுபெற இரண்டு மூன்று ஆண்டுகளே உள்ள ஆசிரியர்களைச் செயலமர்வுப் பட்டியலிலிருந்து நீக்கும் வழக்கத்தை நான் வருத்தத்தோடு பார்க்கிறேன். மூலாதாரத்தைக் கேள்வி கேட்கும் கலையை எனக்குக் கற்பித்தவர்கள் கணினியைத் தொட்டிராத அந்தத் தலைமுறையினரே.

அடுத்த தவணையில் வரலாறு, குடியியற் கல்வி ஆசிரியர்களுக்கான வலய மட்டக் கூட்டம் நடக்கும்போது ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். காலையில் தரம் 10இன் முதல் அத்தியாயத்தை எடுத்து, எமது ஊர்களில் அண்மையில் சுற்றிய ஒரு குரல் பதிவையும் ஒரு வீடியோவையும் அதன் கேள்விகளால் சோதித்துப் பார்ப்போம். பிற்பகலில் அவரவர் பாடசாலைக்குப் பொருந்தும் ஒப்படை ஒன்றை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு போகட்டும். தமிழ்ப் பாடசாலை ஆசிரியரும் முஸ்லிம் பாடசாலை ஆசிரியரும் ஒரே மேசையில் இருக்கும்படி அந்த நாளை ஒழுங்கு செய்தால், அம்பாறை வீடியோவைப் பற்றி நாம் தயங்காமல் பேச முடியும். பாடத்தை நேரில் பார்க்க விரும்பும் ஆலோசகர்கள் எந்த நாளும் என் வகுப்புக்கு வரலாம், முன்னறிவித்தல் வேண்டாம். நான் பயன்படுத்தும் கேள்வித் தாள்களையும் ஒப்படை மாதிரிகளையும் ஒருங்குறியில் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறேன், கேட்கும் ஆசிரியர் எவருக்கும் அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
படுவான்கரையிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை